கொல்குவின் நீள ஊசி

மாடுகளை மேட்டுப் புல்வெளிக்கு ஏற்றுகிற நாளில் மழை பெய்யாமல் இருந்ததாக எங்கள் ஏரிக்கரையில் யாருக்கும் நினைவில்லை. அந்த வருஷமும் விடியும்போதே தூறல். கொல்கு வீட்டைச் சுற்றியிருந்த மண்கரைக்குள் பதினோரு மாடுகளும் அவற்றின் கன்றுகளும் சகதியை மிதித்துக் கூழாக்கிக்கொண்டிருந்தன. அவன் மனைவி லசர், வெண்ணெய் கடையும் தாழியை முதுகில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். பாலாடைக்கட்டி பிழிகிற துணி, மரக்கரண்டி, உப்பு மூட்டை எல்லாம் அந்தத் தாழிக்குள்ளேயே. கோடை முழுக்க மேட்டில்தான் அடுப்பு.

கொல்கு வாசலில் தலை இடிக்காமல் குனிந்து வெளியே வந்தான். நிமிர்ந்ததும் வலது தோளை ஒரு தடவை திருப்பிக் காட்டினான். அவன் போர்வையை அங்கே புது ஊசி பிடித்திருந்தது. ஊசியைக் கோத்திருந்த வளையம் அவன் அப்பன் காலத்துப் பழைய வெண்கலம். ஊசி மட்டும் புதிது. ஒரு சாண் நீளம். வளையத்தைத் தாண்டித் துணிக்கு வெளியே கொக்கின் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

மாடேற்ற உதவிக்கு வந்திருந்த பிரெசால் அதைப் பார்த்தான். கொல்குவின் சித்தப்பா மகன். அடுத்த மண்கரை அவனுடையது.

"ஊசி வாங்கினியா, ஈட்டி வாங்கினியா?"

"உன்னுதைவிட ரெண்டு விரல்கடை கூட. அதுதான் உனக்கு எரியுது."

"எனக்கென்ன எரியுது. உன்கிட்ட பேசணும்னா இனிமே ஆத்துக்கு அந்தப் பக்கம் நின்னு பேசணும்."

லசர் தாழிக் கயிற்றைப் பல்லில் கடித்து இறுக்கிக்கொண்டே சொன்னாள். "மாடு ஓட்டப் போற மனுஷனுக்கு இது எதுக்கு? பழைய ஊசி குத்தலையா, நிக்கலையா?"

"நீ பேசாதே. போன வருஷம் சந்தையிலே இவன் தோளைத் திருப்பித் திருப்பிக் காட்டினான். நீயும்தான் வாயைப் பொளந்து பார்த்துட்டு நின்னே."

"நான் அவனுக்குப் பின்னாடி வித்த பன்னிக்குட்டியைப் பார்த்துட்டு நின்னேன்."

பிரெசால் சிரித்தான். கொல்குவின் தங்கை ப்ரோனாக்கும் கன்றுகளுக்கு நடுவில் நின்று சிரித்தாள். சிரிப்புச் சத்தம் கேட்டு எத்னே வெளியே ஓடிவந்தாள். அவளுக்கு இரண்டரை வயது. ஏரிக்கு அக்கரையில் இருக்கும் பெரிய மனிதர் துவாதலின் மகள். எங்கள் பக்கத்து வழக்கப்படி எட்டு மாதக் குழந்தையாக இந்த வீட்டுக்கு வளர்ப்புக்கு வந்தவள். பதினாலு வயது வரைக்கும் இங்கே வளர்ந்து, பிறகு அப்பன் வீட்டுக்குத் திரும்புவதாகப் பேச்சு. லசர் பெற்ற இரண்டும் மடத்து வேலியோரம் மண்ணுக்குள் இருந்தன. இரண்டாவதைப் புதைத்துவிட்டு வந்து, வடியாத பாலை என்ன செய்வதென்று தெரியாமல் மார்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த வாரத்தில்தான் துவாதலின் படகு இந்தக் கரைக்கு வந்தது.

"மேட்டுக்கா?" என்று கேட்டாள் எத்னே.

"மேட்டுக்குத்தான். வா, என்கிட்ட வா." லசர் கையை நீட்டினாள்.

"முதுகிலே அவ்வளவு பெரிய தாழி. இவளையும் எங்கே சுமப்பே?" கொல்கு குழந்தையைத் தூக்கி வலது கையில் உட்கார்த்திக்கொண்டான். "இவ என்கூட வருவா. நாங்க ரெண்டு பேரும்தான் முன்னாடி போவோம்."

மழைநீர் இறங்கி, வழியில் கடக்க வேண்டிய ஓடை இடுப்பளவு வந்திருந்தது. முதலில் கொல்கு இறங்கினான். எத்னே அவன் கையில் முன்பக்கம் பார்த்தபடி, பக்கத்தில் இறங்குகிற மாட்டையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பாதி ஓடையில் அவளுக்குக் கண் சொருகியது. விடிவதற்கு முன்னால் எழுப்பிய குழந்தை. தலை இடப்பக்கம், அவன் தோள்மேல் சாயத் தொடங்கிய அதே நேரத்தில் சிவலைப் பசு பாசியில் கால் வழுக்கி அவன்மேல் மோதியது. கொல்கு விழாமல் இருக்கக் குழந்தையை இறுக்கி அணைத்தான்.

எத்னே உடனே அழவில்லை. பின்னால் வந்த லசருக்கு முதலில் தெரிந்தது அவன் காதோரம் வழிந்த ரத்தம்தான். மாடுதான் அவனை முட்டிவிட்டது என்று நினைத்தாள். ஊசி குழந்தையின் இடது கண்ணில் ஏறியிருந்தது.

மாடுகளை, கூட வந்திருந்த பிரெசாலின் மகள்கள் மேட்டுக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். பால் கறவைக்கு இரண்டை மட்டும் நிறுத்திக்கொண்டு கொல்குவும் லசரும் குழந்தையோடு வீடு திரும்பினார்கள். மடத்து வைத்தியர் வந்தார். கண்ணுக்கான பச்சிலையை இடித்து, தேன் விட்டுக் குழைத்து, மெல்லிய துணியில் தடவிக் கட்டினார்.

"பார்வை இருக்குமா ஐயா?" என்று கேட்டாள் லசர்.

"ஒன்பதாம் நாள் சொல்றேன். அதுக்கு முன்னாடி எந்த வைத்தியனும் சொல்லக் கூடாது. சட்டம் அப்படி."

"சட்டத்தைக் கேக்கலை. உங்களைக் கேக்கறேன்."

அவர் கையைக் கழுவினார். அடுப்பில், விறகுக்குப் பதில் எரிக்கிற கரிமண் கட்டி புகைந்தது. அந்தப் புகை குழந்தைக்கு ஆகாது, வாசல் பக்கம் படுக்க வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். லசருக்கு அதுவே பதிலாக இருந்தது.

இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது. மூன்றாம் நாள் எத்னே எழுந்து நடந்தாள். நடந்தவள் வாசல் கட்டையில் இடது தோளை இடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அந்தக் கட்டையையே பார்த்தாள். அப்புறம் அதை ஒரு அடி அடித்துவிட்டு உள்ளே வந்து, "கஞ்சி" என்றாள். துவாதல் அந்தஸ்தில் இருக்கிறவர் பிள்ளைக்குப் புது வெண்ணெய் போட்ட பார்லிக் கஞ்சிதான் கொடுக்க வேண்டும் என்று முறை. வீட்டில் மற்றவர்களுக்கு ஓட்ஸ் கஞ்சியும் புளித்த மோரும்தான். லசர் அன்றைக்கு வெண்ணெயை இரண்டு கரண்டி போட்டாள். கொல்கு அடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து குழந்தை தின்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் பக்கத்துக் கஞ்சி ஆறிப்போய் ஏடு கட்டியது.

அன்றைக்கு மத்தியானம் பிரெசால் வந்தான். நனைந்த போர்வையை உதறவில்லை. உட்காரவும் இல்லை.

"துவாதலுக்கு ஆள் போயாச்சு. ஒன்பதாம் நாள் நியாயம் சொல்ல ஃபின்டனைக் கூட்டிட்டு வர்றாரு."

"வரட்டும்," என்றான் கொல்கு.

"ஃபின்டன் என்ன கேப்பாருன்னு தெரியும்ல?"

"தெரியும்."

"சொல்லு பார்ப்போம்."

பிரெசாலே சொன்னான். "ஆம்பளைக்கு ஊசி தோள்லே. பொம்பளைக்கு மார்லே. நீ தோள்லேதான் குத்தியிருந்தே. அதிலே குத்தமில்லை. அடுத்தது நீளம். வளையத்தைத் தாண்டி ஒரு விரல்கடை வரைக்கும் சட்டம் பொறுக்கும். உன்னுது எவ்வளவு?"

"நாலு."

"நாலு. அப்பக் குத்தம் உன்மேலே. கண்ணுக்கு ஈடா உண்டான மாட்டை நீ மட்டும் கொடுத்து முடியுமா? பங்காளிங்க நாங்களும்தானே ஓட்டணும். என் சிவப்புக் கறவையும் போகும். அதுகூடப் போகட்டும். பிள்ளையை இங்கே விட்டு வைப்பாங்களா? குத்தம் பண்ணின வீட்டிலே வளர்ப்பு முறிஞ்சு போச்சுன்னு அன்னைக்கே தூக்கிட்டுப் போவாங்க."

லசர் திரும்பிப் பார்த்தாள். அதுவரைக்கும் அவள் யோசித்ததெல்லாம் கண்ணைப் பற்றித்தான்.

"ஒரு விரல்கடைதான் இருந்துச்சுன்னா?" என்று கேட்டாள்.

"அப்பக் குத்தம் யார்மேலயும் இல்லை. காத்துல கிளை முறிஞ்சு விழுந்த மாதிரி. பிள்ளை இருக்கிற இடத்திலேயே இருக்கும்." பிரெசால் வாசல் பக்கம் போய்த் திரும்பினான். "அந்த ஊசியை எத்தனை பேர் பார்த்திருக்காங்க? நான். என் பொண்ணுங்க. உன் தங்கச்சி. நான் வாயைத் திறக்க மாட்டேன். என் பொண்ணுங்களுக்கு ஊசியா முக்கியம், மேட்டுல எந்தப் பையன் மாடு மேய்க்க வந்திருக்கான்னுதான் முக்கியம். அறுக்கறதும் அறுக்காததும் உன் இஷ்டம்."

அவன் மண்கரையைத் தாண்டும்வரை லசர் வாசலில் நின்று பார்த்தாள்.

"அறு," என்றாள் லசர்.

"என்ன சொல்றே நீ."

"அறு கொல்கு. நான் அன்னைக்குச் சொன்னப்பவே அறுத்திருக்கணும். இப்பவாவது அறு."

"அன்னைக்கு அறுத்திருந்தா ஊசி. இன்னைக்கு அறுத்தா பொய்."

"பொய்யாவே இருக்கட்டும்."

"பிள்ளை கண்ணைக் குத்தினதுமில்லாம பொய்யும் சொல்லச் சொல்றியா? என் கையிலே இருந்தா லசர். என் கை. நீ கேட்டே, என்கிட்ட வான்னு. நான்தான் வாங்கிக்கிட்டேன்."

"அதை நான் உன்கிட்ட ஒரு தடவையாவது சொல்லிக்காட்டினேனா?"

"இல்லை."

"சொல்லவும் மாட்டேன். அறு. அவ இங்கே இருந்தா நீ செஞ்சதை நான் மறந்துருவேன். அவளை இங்கேயிருந்து தூக்கிட்டுப் போனா, தினமும் உன் முகத்திலே அதைத்தான் பார்ப்பேன். அது வேணுமா உனக்கு?"

கொல்கு எழுந்தான். திரிகைக் கல்லின்மேல் ஊசியை வைத்து, உளியை வைத்து அடித்தான். வெண்கலம் மூன்றாவது அடிக்குத்தான் விட்டது. துண்டு தெறித்து வைக்கோலில் விழுந்தது. அவன் அதைத் தேடி எடுத்து, மழையோடு மழையாய் ஏரிக்குப் போய், எறிந்துவிட்டு வந்தான். அதற்குள் லசர் அறுத்த முனையைச் சாணைக் கல்லில் தேய்த்துக் கூராக்கி, பன்றிக் கொழுப்பும் கரியும் பூசி மற்ற இடத்தைப் போலவே கறுக்க வைத்திருந்தாள். தையல் ஊசி தேய்க்கிற மாதிரிதான் தேய்த்தாள்.

அதற்கப்புறம் நான்கு நாள் அந்த வீட்டில் எல்லாரும் மெதுவாகப் பேசினார்கள். எத்னே மட்டும் சத்தமாகப் பேசினாள். கண்கட்டை அவிழ்க்கச் சொல்லி அடம்பிடித்தாள். இடப்பக்கம் யாராவது வந்து நின்றால் பயந்தாள். லசர் வலப்பக்கமாகவே வரப் பழகிக்கொண்டாள்.

ஏழாம் நாள் காலையில் ப்ரோனாக் வெண்ணெய் கடைந்துகொண்டிருந்தாள். வலது கையால் மட்டும்தான் கடைவாள். இடது கை விரல்கள் நாலும் ஒன்றாக ஒட்டி, சுட்ட கிழங்கு மாதிரி சுருண்டிருக்கும். லசர் எதிரில் உட்கார்ந்து காட்டுப்பூண்டு ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"மதினி."

"ம்."

"குத்தம் இல்லைன்னு ஆயிடும்ல?"

"ஆயிடும்."

"நல்லது."

பிறகு ப்ரோனாக் சொன்னாள். "என் கை எப்படி ஆச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

"கொதிக்கிற மோர்த் தண்ணி கொட்டிருச்சுன்னு உங்க அண்ணன் சொன்னான்."

"கொட்டலை. என்னை வளர்த்த வீட்டு ஆம்பளை குடிச்சுட்டு வந்து கொப்பரையைத் தள்ளிவிட்டாரு. எனக்கு ஏழு வயசு. எங்க அப்பாவும் அவரும் சின்ன வயசுச் சிநேகிதம். ரெண்டு பேரும் உக்காந்து பேசி, யார்மேலயும் குத்தமில்லை, கொப்பரைதான் சரிஞ்சுதுன்னு கை கொடுத்துக்கிட்டாங்க. அன்னைக்கு ராத்திரி ஆட்டுக்கறி ஆக்கினாங்க. நானும் தின்னேன். நல்லா இருந்துச்சு."

லசர் பூண்டைக் கீழே வைத்தாள்.

"கைக்கு உண்டான மாடுன்னு ஒண்ணு இருக்கு மதினி. கண்ணுக்கும் இருக்கு. அது அப்பனுக்குப் போறதில்லை. பிள்ளை பேர்லே நிக்கும். கன்னு போட்டுப் பெருகும். அப்பன்கூட அதை ஓட்ட முடியாது. ஊனக் கையா இருந்தாலும் முப்பது மாட்டோட வர்றவளை ஒருத்தன் கட்டுவான். கட்டலைன்னாலும் அவளுக்குன்னு ஒரு அடுப்பு இருக்கும். குத்தமில்லைன்னு ஆச்சுன்னா மாடும் இல்லை." அவள் தாழிக்குள் எட்டிப் பார்த்தாள். "எனக்கு என்ன குறை. நீ நல்லா வச்சிருக்கே. இருந்தாலும் உன் அடுப்புச் சாம்பலைத்தானே அள்ளறேன்."

"இதை ஏன் நீ அன்னைக்கே சொல்லலை?"

"அன்னைக்கு நீ என்னைக் கேட்டியா? அண்ணனைத்தான் பார்த்துக்கிட்டிருந்தே. வெண்ணெய் திரண்டுருச்சு. தண்ணி ஊத்து."

லசர் தண்ணீர் ஊற்றினாள். பாதி வெளியே ஊற்றினாள்.

கொல்கு கன்றுக்கொட்டில் வேலியை முடைந்துகொண்டிருந்தான். அங்கே போய் நின்றாள்.

"ஃபின்டன்கிட்ட உள்ளதைச் சொல்லிரு."

அவன் கையிலிருந்த குச்சியை வளைத்தபடியே கேட்டான். "எதை?"

"நாலு விரல்கடைன்னு."

"நீதானே அறுக்கச் சொன்னே."

"ஆமா. எனக்காகச் சொன்னேன். அவளுக்காகன்னு நினைச்சுக்கிட்டுச் சொன்னேன்." அவள் ப்ரோனாக் சொன்னதையெல்லாம் சொன்னாள். கொல்கு கேட்டான். தங்கையின் கையைப் பற்றிய அந்தக் கதை அவனுக்கும் புதிது. குச்சி ஒடிந்தது.

"இப்பச் சொன்னா என்ன ஆகும் தெரியுமா? பிரெசால் பங்காளிங்க எல்லார்கிட்டயும் பேசி வச்சிருக்கான். சத்தியம் பண்ண வர்றாங்க. அவங்களையும் சேர்த்து நான் பொய்யனாக்கணும். ஊசியை அறுத்து மறைச்சவன் பேச்சு அதுக்கப்புறம் எந்தச் சபையிலே எடுபடும்? ஒரு கன்னுக்குட்டி வாங்கறதுக்குக்கூட எனக்கு ஒருத்தன் ஜாமீன் நிக்க மாட்டான்."

"தெரியும்."

"பிள்ளையும் போயிடும்."

"அதுவும் தெரியும்."

"தெரிஞ்சுமா சொல்றே? நாலு நாள் முன்னாடி என்ன சொன்னே? என் முகத்திலே அதைத்தான் பார்ப்பேன்னு சொன்னே."

"வேலியை இறுக்கிக் கட்டு. கன்னு தலையை விடுது," என்று சொல்லிவிட்டுப் போனாள். அவன் சொல்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் மழை விட்டிருந்தது. ஏரியில் துவாதலின் படகு வருவதைக் கரையில் எல்லாரும் பார்த்தார்கள். மண்கரைக்குள் முற்றத்தில் ஃபின்டனுக்கு மட்டும் முக்காலி போட்டார்கள். குட்டையான மனிதர். நடந்து நடந்து காலில் வெடிப்பு. உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றினார். துவாதல் நின்றுகொண்டார். ஒல்லியாக, உயரமாக, வெள்ளியில் பெரிய வளைய ஊசி குத்திய ஊதாப் போர்வையோடு. மகளைப் பார்த்து, "அப்பாகிட்ட வா" என்றார். எத்னே கொல்குவைத் திரும்பிப் பார்த்தாள். துவாதல் மறுபடி கூப்பிடவில்லை.

வைத்தியர் கண்கட்டை அவிழ்த்தார். விரலைக் காட்டினார். இடது பக்கமிருந்து ஒரு ஆப்பிள் துண்டைக் கொண்டுவந்தார். எத்னே அசையவில்லை. அதே துண்டை மூக்குக்கு நேரே கொண்டுவந்ததும் பிடுங்கிக்கொண்டாள்.

"இடது கண் போச்சு," என்றார் வைத்தியர்.

ஃபின்டன் கொல்குவைக் கூப்பிட்டார். "அன்னைக்குப் போட்டிருந்த போர்வையா?"

"ஆமா."

"அன்னைக்குக் குத்தியிருந்த இடமா?"

"ஆமா."

அவர் எழுந்து, வெறுங்காலோடு சகதியில் நடந்துவந்து, வளையத்துக்கு வெளியே நீண்டிருந்த முனையின்மேல் தன் சுட்டுவிரலை வைத்தார். விரலின் அகலமும் முனையும் சரியாக இருந்தன. கொஞ்ச நேரம் விரலை எடுக்காமல் நின்றார். அப்புறம் எடுத்து முகர்ந்து பார்த்தார். என்ன வாசனை தெரிந்ததோ, சொல்லவில்லை.

"சத்தியத்துக்கு யார்?"

பிரெசாலும் ஆறு பேரும் முன்னால் வந்தார்கள். பிரெசால் சொன்னான், "மாடு வழுக்கிச்சு. நாங்க பார்த்தோம்." அது உண்மைதான். ஊசியைப் பற்றி அவன் எதுவும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

"ஊசி இருக்க வேண்டிய இடத்திலே, இருக்க வேண்டிய அளவிலே இருக்கு," என்றார் ஃபின்டன். "அப்படின்னா குத்தம் யார்மேலயும் இல்லை. வளர்ப்பும் முறியலை."

துவாதல் தலையை ஆட்டினார். "அப்ப இங்கேயே இருக்கட்டும். ஒத்தைக் கண்ணுப் பொண்ணை நான் கூட்டிட்டுப் போய் எந்த வீட்டிலே பேசறது? பதினாலு முடிஞ்சாலும் அவசரமில்லை. இவங்க பிரியமா வச்சிருக்காங்க."

லசர் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. பதினாலு வயசுக்கு மேலேயும். ப்ரோனாக் வாசல்கட்டையில் சாய்ந்து நின்று தன் இடது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். தினமும் செய்வதுதான்.

"நாலு விரல்கடை இருந்துச்சு ஐயா," என்றாள் லசர்.

பிரெசால் திரும்பினான். "நீ உள்ளே போ மதினி."

"மூணை அறுத்து ஏரியிலே போட்டோம். முனையைத் தேய்ச்சது நான்தான். கொழுப்பு வாசனை அதனாலேதான்."

ஃபின்டன் அவளைப் பார்க்கவே இல்லை. முக்காலிக்குப் போய் உட்கார்ந்து, காலில் ஒட்டிய சகதியைப் புல்லால் துடைத்தார். "பொம்பளை சாட்சி சபையிலே செல்லாது. அதனாலே இப்ப இங்கே யாரும் எதுவும் பேசலை. எனக்கு எதுவும் கேக்கவும் இல்லை." துடைத்து முடித்தார். "கொல்கு. எனக்குத்தான் கேக்கலை. நீ பக்கத்திலேதானே நின்னே. உனக்கு ஏதாவது கேட்டுச்சா?"

கொல்கு நின்றான். அவனுக்கு ஒரு பக்கம் பங்காளிகள் ஏழு பேர். இன்னொரு பக்கம் எத்னே ஆப்பிள் துண்டைக் கடிக்காமல் சப்பிக்கொண்டிருந்தாள்.

"காத்து அடிச்சிருக்கும்," என்றான் பிரெசால்.

"காத்து இல்லை," என்றான் கொல்கு. வளையத்தைத் திருப்பி ஊசியை உருவினான். போர்வை நழுவிச் சகதியில் விழுந்தது. அவன் எடுக்கவில்லை. "கேட்டுச்சு ஐயா. நாலுன்னு கேட்டுச்சு. நாலுதான். உளி வச்சு அறுத்தது நான். இவங்க யாரும் அறுக்கிறப்ப இல்லை."

அவன் கடைசியாகச் சொன்ன அந்த வார்த்தைக்காகப் பிரெசால் அவனை அப்புறம் மன்னித்திருக்கலாம். அன்றைக்கு மன்னிக்கவில்லை. சேற்றில் துப்பிவிட்டு மண்கரை ஏறிப் போனான். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.

ஃபின்டன் வேகமாகச் சொல்லி முடித்தார். கண்ணுக்கு உண்டான மாடுகள் எத்னே பேரில் நிற்கும், அவள் அப்பனும் தொடக் கூடாது. கொல்குவும் பங்காளிகளும் அறுவடைக்கு முன்னால் அதை ஓட்டி விட வேண்டும். வளர்ப்பு முறிந்தது. பிள்ளை இன்றைக்கே அப்பன் வீட்டுக்கு. "உன் பேச்சு இனிமே உன் பொண்டாட்டி பேச்சு மாதிரிதான்," என்றார் கொல்குவிடம். "எந்தச் சபையிலயும் காதிலே விழாது." செருப்பை மாட்டிக்கொண்டார். போகிறபோது, "ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பேசிக் கேட்டுக்கலாம். அதுக்குச் சட்டம் தடை சொல்லலை," என்றார். கிண்டலா, ஆறுதலா என்று அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

லசர் உள்ளே போய்க் குழந்தையின் துணிகளை மூட்டை கட்டினாள். ஒரு கட்டி வெண்ணெயை இலையில் சுற்றி வைத்தாள். வெளியே வந்தபோது துவாதல் மகளைத் தூக்கி இடது கையில் வைத்திருந்தார். குழந்தை உடம்பை விறைத்துக்கொண்டு இருந்தது.

"இடது கையிலே வேண்டாம்," என்றாள் லசர்.

"வலது தோள்லே ஊசி இருக்கு," என்றார் துவாதல். "அதனாலேதான் இந்தப் பக்கம் தூக்கினேன்."

"அது தெரியுது ஐயா. ஆனா அந்தப் பக்கம் வச்சா, அவளுக்கு இருக்கிற கண்ணுக்கு உங்க கழுத்து மட்டும்தான் தெரியும். வெளியே ஒண்ணும் தெரியாது. பயந்துக்குவா. வலது கையிலே வைங்க."

"அப்ப ஊசி?"

"கழட்டுங்க."

அந்தக் கரையில் துவாதலிடம் ஊசியைக் கழற்றச் சொன்னவர்கள் யாரும் கிடையாது. அவர் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு, வெள்ளி ஊசியை உருவி அதையும் அவள் கையிலேயே கொடுத்தார். லசர் குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அவர் போர்வையின் இரண்டு முனையையும் இழுத்து நெஞ்சில் முடிச்சுப் போட்டாள். மூட்டை கட்டுகிற முடிச்சு. பார்க்க நன்றாக இல்லை. பிறகு குழந்தையை அவர் வலது கையில் உட்கார்த்தினாள்.

"சாயங்காலம் தூக்கம் வந்தா தலையை இப்படித்தான் சாய்ப்பா. தோள்லே ஒண்ணும் இருக்கக் கூடாது. வீட்டிலே இருக்கிறவங்ககிட்டயும் சொல்லுங்க. இடப்பக்கமா யாரும் திடீர்னு வரக் கூடாது. கஞ்சி ஆறினாத்தான் சாப்பிடுவா. ஏடு இருந்தா எடுத்துருங்க."

"சரி," என்றார் துவாதல். ஒவ்வொன்றுக்கும் சரி என்றார்.

"மேட்டுக்கா?" என்று கேட்டாள் எத்னே.

துவாதல் லசரைப் பார்த்தார். லசர் மூட்டையை அவர் விரலில் மாட்டிவிட்டாள்.

"படகுலே," என்றார் அவர். "படகு பார்த்திருக்கியா?"

"இல்லை."

"அங்கே பாரு. முன்னாடி பாரு."

எத்னே முன்னால் பார்த்தாள். வலது கையில் உட்கார்ந்து, நல்ல கண் ஏரிப்பக்கம் இருக்க, படகு எங்கே என்று தேடிக்கொண்டே சரிவில் இறங்கிப் போனாள். முடிச்சுப் போட்ட போர்வை துவாதலின் முதுகில் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போனது. அவர் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டார்.

கொல்கு சகதியிலிருந்து தன் போர்வையை எடுத்து உதறினான். லசர் பக்கத்தில் வந்து நின்றான்.

ப்ரோனாக்தான் முதலில் கவனித்தாள். "மதினி, வெள்ளி ஊசி உன் கையிலேயே இருக்கு. மறந்துட்டுப் போறாரு. ஒரு குரல் கொடு."

லசர் கையை விரித்துப் பார்த்தாள்.

"கூப்பிட்டா அவரு மட்டுமா திரும்புவாரு?" என்றாள். "நீ ஓடிப் போய்க் கொடுத்துட்டு வா. சத்தம் போடாமப் போ."